ரெட்வுட் காட்டுக்குக் கட்டுச்சாதத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஸ்டேட் பார்க் போகலாம்” என்று சொன்னால், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் காதில் ‘பார்க்’ மட்டும்தான் விழும். புல்தரை, சிமென்ட் பெஞ்சு, ஊஞ்சல், வாசலில் சுண்டல் விற்பவர் என்று மனதில் ஒரு படம் வந்துவிடும். ரப்பர் செருப்பும் மெல்லிய பருத்திச் சேலையுமாகக் கிளம்பி நிற்பார்கள். கலிஃபோர்னியாவின் பெஸ்கடேரோ ஊருக்குத் தெற்கே சில மைல் தள்ளி இருக்கும் ப்யூட்டனோ ஸ்டேட் பார்க் அப்படிப்பட்ட பூங்கா இல்லை. அது ரெட்வுட் என்ற வானளாவிய மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு. நடுவே லிட்டில் ப்யூட்டனோ ஓடை ஓடுகிறது. கூட்டம் குறைவு என்பதால்தான் எனக்கு அந்த இடம் பிடிக்கும். அங்கே போய் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை, காட்டைப் பூங்காவாக நினைத்துக்கொள்வதால் வருபவை.

இருப்பதிலேயே பெரிய தவறு சாப்பாட்டில்தான் நடக்கிறது. ஒருமுறை பிக்னிக் மேசையில் புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாவற்றையும் பிரித்து வைத்ததும், அம்மா வழக்கம்போல முதல் பிடியை உருட்டி மேசை ஓரத்தில் வைத்தார். நம் வீட்டில் காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே சாப்பிடுவோம்! அடுத்த நொடி, தலையில் கறுப்புக் கொண்டையும் கருநீல உடம்புமாக ஒரு பறவை வந்து இறங்கியது. சோற்றை ஒரு கொத்து கொத்திவிட்டு, எங்களைப் பார்த்துக் கரகரவென்று கத்தியது. அதன் பெயர் ஸ்டெல்லர்ஸ் ஜே. அதுவும் காக்கைக் குடும்பம்தான். “பாரு, இங்கேயும் வந்துடுச்சு” என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். “வேண்டாம்மா, எடுத்துடு” என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காரணம் இன்னொரு பறவை. மார்பிள்ட் மர்ரலெட் என்ற அந்தச் சிறிய கடற்பறவை, கடலில் மீன் பிடித்துத் தின்றாலும் முட்டையிடுவதற்குக் காட்டுக்கு வருகிறது. கூடு கட்டாது. முதிர்ந்த மரத்தின் உயரத்தில், பாசி மெத்தென்று படர்ந்த அகலமான கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். அது எங்கே முட்டையிடுகிறது என்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1974இல், இதே மலைத்தொடரில் உள்ள பிக் பேசின் ஸ்டேட் பார்க்கில், மரம் ஏறும் ஒரு தொழிலாளி தற்செயலாக அதன் குஞ்சைக் கண்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இன்று அது கலிஃபோர்னியாவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

நாம் சிந்தும் மிக்சரும் சிப்ஸும் ஜே பறவைகளையும் அண்டங்காக்கைகளையும் பிக்னிக் மேசைப் பக்கம் இழுக்கின்றன. சுலபமாகச் சோறு கிடைக்கும் இடத்தில் அவை பெருகுகின்றன. மேசையில் ஒன்றும் கிடைக்காதபோது மேலே கிளைகளில் தேடுகின்றன. அங்கே மர்ரலெட்டின் ஒற்றை முட்டை இருக்கிறது. பெரும்பாலும் அந்த வருஷத்துக்கு அந்த ஜோடிக்கு அதுவே எல்லாம். இதனால்தான் இந்தப் பகுதி ஸ்டேட் பார்க்குகளில் ‘க்ரம் க்ளீன்’ என்று, ஒரு பருக்கைகூடக் கீழே விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

நாங்கள் இப்போது மேசைமேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துத்தான் சாப்பிடுகிறோம். முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, சிந்தினதோடு அப்படியே மடித்துப் பையில் போட்டு வீட்டில் வந்து உதறுகிறோம். குழாயடியில் டப்பா கழுவுவதில்லை, ஏனென்றால் அந்தப் பருக்கையும் மண்ணில்தான் போய் விழும். குழந்தைகளின் முறுக்கை மேசையிலேயே முடித்துவிட வேண்டும், நடக்கும்போது தின்றுகொண்டே போகக் கூடாது. வாழைப்பழத் தோல் மக்கிவிடும் என்று புதரில் எறிவதும் தவறு. மக்குவதற்கு முன்னால் அதை ஏதாவது ஒரு பிராணி மோந்துகொண்டு வந்துவிடும்.

அப்புறம், பாய்சன் ஓக் என்ற, தொட்டால் அரிக்கும் செடி. ஒரு காம்பில் மூன்று இலை, ஓரத்தில் ஓக் இலை மாதிரி வளைவுகள். செடியாகவும் இருக்கும், கொடியாக மரத்திலும் ஏறும். கோடைக் கடைசியில் அழகாகச் சிவந்துவிடும். பறித்துப் படம் எடுக்கலாம் என்று தோன்றுவது அப்போதுதான். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த வெறும் குச்சியில்கூட அரிப்பைத் தரும் அதன் எண்ணெய் இருக்கிறது. பட்டால் உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமும் அரிப்பும் கிளம்பும். காலை மூடும் பேன்ட் போடுங்கள், பாதையின் நடுவில் நடங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடுத்தின துணியையும் உடனே துவைத்துவிடுங்கள். ஷூ லேஸை மறந்துவிடாதீர்கள். எண்ணெய் அதிலும் ஒட்டியிருக்கும். உண்ணி கடித்திருக்கிறதா என்று குழந்தைகளின் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பார்ப்பதும் அப்போதே ஆகட்டும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களும் நிறைய. சான் ஹோசேயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்தும் ஜூலை நாளில், கடலோரத்தில் 60 டிகிரிதான் இருக்கும். கடல் மூடுபனி பள்ளத்தாக்குக்குள் ஏறி வந்து, ரெட்வுட்டின் ஊசி இலைகளில் தங்கிச் சொட்டுச் சொட்டாக இறங்கும். வானம் மழை பெய்யாமலே தரை ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தில்தான் வாழைப்பழ நிறத்தில், ஒரு விரல் நீளத்தில் பனானா ஸ்லக் என்ற ஓடில்லாத நத்தை ஊர்ந்து போகும். பாதையில் குனிந்து பார்த்து நடந்தால் மிதிக்காமல் தப்பிக்கலாம். ஆளுக்கொரு ஸ்வெட்டர், பெரியவர்களுக்கு ஒரு குல்லா, காலைப் பிடித்து நிற்கும் ஷூ, இவை கட்டாயம்.

வழியைப் பற்றி ஒரு வார்த்தை. மேப்பில் குறுக்கு வழியாகத் தெரிகிற 84ஆம் நெடுஞ்சாலை வளைந்து வளைந்து மலையைத் தாண்டுகிறது. பின் சீட்டில் உட்கார்ந்த என் அப்பா பாதி வழியில் வாந்தியே எடுத்துவிட்டார். வயதானவர்கள் உடன் வந்தால் 92 வழியாக ஹாஃப் மூன் பேக்குப் போய், கடலோர 1ஆம் சாலையில் தெற்கே இறங்குங்கள். தூரம் கொஞ்சம் கூடினாலும் வயிறு நிம்மதியாக இருக்கும். பார்க்கில் போன் சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, காகித மேப் ஒன்றும் வாங்கிவையுங்கள். தனித்தனியாகப் பிரிந்தால் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சேர வேண்டும் என்று முன்னாலேயே பேசிவிடுங்கள். நேஷனல் பார்க்குக்கு வாங்கிய வருடாந்தர அட்டை இங்கே செல்லாது. இது வேறு நிர்வாகம். குளிர்கால மழைக்குப் பிறகு நடைபாதைகள் சில மூடியிருக்கும், முதல் நாளே பார்த்துக்கொள்வது நல்லது.

பாதையை விட்டு இறங்கி மரத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பதில் என்ன தப்பு என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு உயர மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் ஆழமாக இறங்காமல், பக்கவாட்டில் பல அடி தூரம் பரவி, பக்கத்து மர வேர்களோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன. மேலே கூட்டம் கூட்டமாக ஆட்கள் மிதித்தால் மண் இறுகி, அந்த வேருக்குத் தண்ணீர் போகாது. பாதையிலேயே ஒட்டி நிற்கும் மரங்கள் எத்தனையோ உண்டு, அவற்றின் பக்கத்தில் நில்லுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பாட்டு இல்லாத அந்த அரை மணி நேரத்தில் ஓடைச் சத்தமும், மரங்கொத்தி தட்டுவதும் கேட்கும்.

நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கு என்பதால் வெளியே வெயில் இருக்கும்போதே உள்ளே மங்கிவிடும். கடைசியாகப் போனபோது நாலரை மணிக்கே அம்மா, “விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருக்கே” என்றார். நாங்கள் பெட்ஷீட்டை மடித்து, மேசைக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்தோம். இரண்டு ஓமப்பொடித் துண்டு கிடந்தது. அம்மாவே பொறுக்கிப் பையில் போட்டார்.