கல்லடி வீட்டு போனுக்கு மறுபடி உயிர் வந்தது

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீடு. கடற்காற்றின் உப்பில் செப்புக் கம்பி இணைப்புகள் பச்சை பிடித்து, மாரி மழை தொடங்கினால் போனில் கரகரப்புத்தான் கேட்கும். அதனால் ஃபைபருக்கு மாறினோம். 065 என்று தொடங்கும் பழைய நம்பரே கிடைத்தது; அம்மாவுக்கு அதுதான் முக்கியம்.

பூட்ட வந்த தம்பி ரவுட்டரை முன் அறையில் வைத்துவிட்டுப் போனார். அம்மாவின் போனோ குசினிப் பக்கம். புது வயர் இழுக்க மனமில்லை; முன் அறைச் சொக்கட்டிலிருந்து குசினிக்கு ஓடும் பழைய போன் வயரையே பயன்படுத்த நினைத்தேன். வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பியைச் சுவர்ப் பெட்டியில் முதலில் கழற்றினேன். இதை மறக்கவே கூடாது; பழைய லைனில் 48 வோல்ட் அளவில் மின் இருக்கும், ரவுட்டருக்கு ஆகாது. பிறகு ரவுட்டரின் போன் துளையிலிருந்து சிறு வயர் ஒன்றை முன் அறைச் சொக்கட்டில் குத்தினேன். குசினியில் டயல் டோன் வந்தது!

அடுத்த கிழமை கரண்ட் போனது, போனும் செத்தது. பழைய லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின் வரும். ஃபைபர் கண்ணாடி இழை, ஒளியை மட்டும்தான் கொண்டுவரும். சரி என்று, கரண்ட் போனாலும் ரவுட்டருக்கு மின் கொடுக்கும் சிறு பற்றரிப் பெட்டியான 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். ரவுட்டர் அடப்டரில் வோல்ட், அம்பியர் இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் அம்பியரைப் பார்க்காமல் வாங்கி, மாற்றுவதற்கு வெயிலில் திரும்பக் கடைக்கு நடந்தேன்.