சதோஷி கோனுக்கு நம்ம தெருவில் அஞ்சலி நடத்துவது எப்படி

ஆகஸ்ட் 24 வந்தால், ஜப்பானின் அனிமேஷன் பட இயக்குநர் சதோஷி கோன் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, ராத்திரி இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாக அழுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடசென்னையில் ஒரு சாவு விழுந்தால் தெருவே கூடும். போஸ்டர் ஒட்டுவோம், விடிய விடிய கானா பாடுவோம், வந்தவர்களுக்கு டீ கொடுப்போம். நம்மை இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்த படங்களை எடுத்த மனுஷனுக்கும் அதையே செய்யலாம். ராயபுரத்தில் போஸ்டர், ஃப்ளெக்ஸ் டிசைன் செய்வது என் பிழைப்பு. வருஷா வருஷம் எங்கள் மொட்டை மாடியில் அவருக்கு நினைவு நாள் நடத்துகிறோம்.

போஸ்டரிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடியும் குறுந்தாடியுமாக அவர் நேராகப் பார்க்கிற படம் ஒன்றை நடுவில் வையுங்கள். இடது பக்கம் ‘தோற்றம் 12.10.1963’, வலது பக்கம் ‘மறைவு 24.8.2010’. டெம்ப்ளேட்டில் வருகிற புறா, ரோஜா, மெழுகுவத்தி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வயதைப் போட வேண்டாம். டீக்கடைக்கு வருகிறவர்கள் அவர்களே கழித்துப் பார்த்துவிட்டு, “இன்னாபா, நாப்பத்தாறு வயசுதானா?” என்பார்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும். “ஜப்பான்காரருக்கு இங்க எதுக்கு போஸ்டர்?” என்று கேட்டால், அவர் ஹொக்கைடோ தீவில் குஷிரோ என்ற ஊரில் பள்ளிக்கூடம் படித்தவர், அதுவும் காசிமேடு மாதிரி மீன்பிடித் துறைமுகம்தான் என்று சொல்லுங்கள். சுவர்க்காரரிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

எந்தப் படம் போடுவது? அவர் முடித்துக் கொடுத்த முழுநீளப் படங்கள் நாலே நாலு: பெர்ஃபெக்ட் ப்ளூ (1997), மில்லினியம் ஆக்ட்ரஸ் (2001), டோக்கியோ காட்ஃபாதர்ஸ் (2003), பாப்ரிகா (2006). ரசிகர்களுக்கு பாப்ரிகாவைப் போடத்தான் கை துறுதுறுக்கும். தெருவுக்கு டோக்கியோ காட்ஃபாதர்ஸ்தான் சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, வீடில்லாத மூன்று பேர் குப்பையில் ஒரு கைக்குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். குழந்தையைப் போலீஸில் கொடுத்துவிடலாம் என்கிறான் மூவரில் ஒருவனான ஜின். திருநங்கையான ஹானா விடுவதில்லை, இந்த ஒரு ராத்திரியாவது நான் அம்மாவாக இருக்கிறேன் என்று கெஞ்சுகிறாள். அந்த இடத்தில் எங்கள் தெருத் திருநங்கை அக்கா ஒருவர் முன்வரிசையிலிருந்து, “குடுக்காதடி, வச்சிக்கோ” என்று சத்தமாகவே சொன்னார். வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஜனம் நாம். அப்படிப்பட்டவர்களைப் பாவப்பட்ட ஜீவன்களாகக் காட்டாமல், சண்டை போட்டு, பொய் சொல்லி, ஒருத்தருக்காக ஒருத்தர் ஓடுகிற மனுஷர்களாகவே கோன் வரைந்திருக்கிறார். இதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையே இல்லை.

அதிக நேரம் பிடிப்பது சப்டைட்டில் வேலை. இங்கிலீஷ் சப்டைட்டிலோடு போட்டால் பத்தே நிமிஷத்தில் பாட்டிமார்கள் எழுந்து போய்விடுவார்கள். ஜூலையிலேயே தமிழ் சப்டைட்டிலை ஆரம்பித்துவிடுங்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளே போதும். ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். படம் ஓட்டுகிற விஎல்சி பிளேயரில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால், சப்டைட்டில் செட்டிங்கில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது. தமிழ் நீளும் என்பதால் வசனத்தின் சாரத்தை எடுத்து, நம் பேச்சிலேயே எழுதுங்கள். “நான் இவளை வளர்க்க விரும்புகிறேன்” என்று எழுதினால் யாருக்கும் ஒட்டாது. “நானே வளத்துக்குறேன்” என்றால் நெஞ்சில் போய் விழும். ஜின் ஹானாவைத் திட்டுகிற வசனங்களுக்கு, நம் சினிமாவில் திருநங்கைகளைக் கேலி செய்யப் பயன்படுத்திய சொற்களைக் கொண்டு வராதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டம் சிரித்துவிட்டால் படமே போச்சு. படிக்க முடியாதவர்கள் பக்கத்தில் ஆளுக்கொரு பிள்ளையை உட்கார வைத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

படம் 92 நிமிஷம், பெரும்பாலும் ராத்திரிக் காட்சிகள். முழுசாக இருட்டாமல் ஓட்டினால் பாதிப் படம் சுவரில் தெரியாது. ஏழேகாலுக்கு முன்னால் தொடங்காதீர்கள். திரைத்துணி கடல்காற்றில் படபடக்கும். சுண்ணாம்படித்த சுவரே மேல். தெருவிளக்குக்கு முதுகைக் காட்டுகிற சுவராகப் பாருங்கள். ஆகஸ்டில் சாயங்காலம் திடீரென்று மழை கொட்டும், பிளக் பாக்ஸ் தரையில் கிடக்கவே கூடாது. பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும், அது சட்டம். டிக்கெட், வசூல் எதுவும் வேண்டாம், ஒரிஜினல் டிஸ்க்கையே போடுங்கள். ஹாலிலோ காலேஜிலோ நடத்துவதாக இருந்தால் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். சாப்பாட்டுக்கு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சொல்லிவிடுங்கள், போதும்.

படத்துக்கு முன்னால் கானா. பாடுகிற அண்ணனிடம் ஒரு வாரம் முன்பே போய் உட்காருங்கள். சாவுக்குப் பாடுகிறவர் கேட்கிற கேள்விகளையேதான் அவர் இதற்கும் கேட்பார்: ஊரு எது, இன்னா தொழிலு, எப்படிப் போனாரு, யாரு யாரு அழுறாங்க? பதிலைக் கையோடு கொண்டு போங்கள். மங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸ் வரைந்து ஆரம்பித்தவர். மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் படங்களை எடுத்தார். 2010 மே மாதம் கணையப் புற்றுநோய் முற்றிவிட்டது, அதிகம் போனால் அரை வருஷம் என்றார்கள். கடைசி நாட்களை ஆஸ்பத்திரியில் கழிக்காமல் வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டார். இதைக் கேட்டு டேப்பு மேளத்தைத் தட்டிக்கொண்டே அண்ணன் பிடித்த முதல் வரி, “பேனா புடிச்ச கையி, பாதியில நின்னுச்சே” என்பது. ஜப்பான் பேர்களை மெட்டில் உட்கார வைக்க அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ‘கோன் அண்ணே’ என்றே பாடட்டும்.

படம் முடிந்ததும் அவருடைய கடைசிக் கடிதம். சாவதற்கு முன் அவர் எழுதி வைத்ததை, இறந்த மறுநாள் அவர் மனைவி இணையத்தில் வெளியிட்டார். நீளமானது, முழுசாக வாசிக்காதீர்கள். அவருடைய அம்மா வந்து, உன்னைத் திடமான உடம்போடு பெற்றுக் கொடுக்கவில்லையே என்று மகனிடம் மன்னிப்புக் கேட்கிற இடத்தையும், எல்லோருக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிற கடைசிப் பத்தியையும் தமிழில் சொன்னால் போதும். குரல் உடையாத ஆளாகப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் மீன் விற்கிற அம்மாக்கள் கோன் யாரென்று அதுவரை கேட்டதே இல்லை. அவர் அம்மா சொன்னதைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் கண்டிப்பாக, “அடுத்த படம் எப்போ வரும்?” என்று கேட்கும். மழுப்பாதீர்கள். ட்ரீமிங் மெஷின் என்று ரோபோக்கள் மட்டுமே வருகிற ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தார், பாதியில் போய்விட்டார், வேறு யார் முடித்தாலும் அது அவர் படமாக இருக்காது என்று நிறுத்திவிட்டார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

மறுநாளே யாராவது டிஸ்க் கேட்டு வருவார்கள். முதலில் மில்லினியம் ஆக்ட்ரஸைக் கொடுங்கள். அதில் நாயகி சியோகோ ஒரே ஓட்டமாக ஓடுகிறாள். குதிரையில் ஏறுகிறாள், ரிக்‌ஷாவில் போகிறாள், சைக்கிள் மிதிக்கிறாள், பின்னால் காலமே மாறிக்கொண்டு போகிறது. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து பேசுகிறவர்களுக்கு அடுத்தது பாப்ரிகா. பெர்ஃபெக்ட் ப்ளூவைப் பதினெட்டு தாண்டாதவர்கள் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும்போதும் அதில் பாலியல் வன்முறைக் காட்சி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.