ஒரே ஜோடி வந்தால் பாட் யாருக்கு? கிக்கர் பார்க்கும் முறை

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) பெரிதா, ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) பெரிதா என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தகராறு அதற்குப் பிறகுதான். இருவரிடமும் கிங் ஜோடி, பாட் (பந்தயத்தில் சேர்ந்த மொத்தம்) யாருக்கு?

முதலில், கையில் உள்ள 2, மேஜையில் உள்ள 5, ஆக 7 சீட்டில் சிறந்த ஐந்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்ற இரண்டும் கணக்கிலேயே இல்லை.

அப்புறம் ஜோடியை ஒப்பிடுங்கள். சமமா? மிச்சச் சீட்டுகளைப் பெரியதிலிருந்து வரிசையாகப் பாருங்கள். அவைதான் கிக்கர். மேஜையில் கிங், 9, 7, 4, 2. உங்களிடம் கிங்-குயின், அவரிடம் கிங்-ஜாக். குயின் கிக்கரால் நீங்கள் ஜெயித்தீர்கள்.

அதற்குப் பதில் மேஜையில் கிங், குயின், 9, 8, 4 இருந்து, உங்களிடம் கிங்-5, அவரிடம் கிங்-3 என்றால்? 5 பெரிதுதான், ஆனால் ஐந்துக்குள் வராது. இருவருக்கும் கிங், கிங், குயின், 9, 8. பாட் பாதிப் பாதி.

என்னை ரொம்ப நாள் குழப்பியது மூன்று ஜோடி. மேஜையில் ஏஸ், ஏஸ், 8, 8, குயின். உங்களிடம் 5-5, எதிராளியிடம் ஜாக்-4. ஜோடி வைத்திருப்பவர் ஜெயிப்பார் என்றுதான் தோன்றும். ஆனால் போக்கரில் மூன்று ஜோடி என்று ஒரு கை (ஐந்து சீட்டுச் சேர்க்கை) கிடையாது. ஏஸ் ஜோடி, 8 ஜோடி போக ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அதில் மேஜையின் குயின் உட்கார்ந்துவிடுகிறது. இருவருக்கும் சமம். எதிராளியிடம் கிங்-2 இருந்திருந்தால் முழுப் பாட்டும் அவருக்கே.

ஸ்ட்ரெய்ட், ஃபுல் ஹவுஸுக்குக் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்) கிக்கர் கிடையாது, ஐந்து சீட்டுமே கைதான். ஃப்ளஷுக்கு ஃப்ளஷ் மோதினால் பெரிய சீட்டிலிருந்து ஐந்தையும் ஒப்பிடுங்கள். இஸ்பேடு ஆட்டினை வெட்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாட்டைத் தீர்மானிப்பதில் எந்த இனம் பெரிது என்பதற்கு வேலையே இல்லை.

பழக, யார் ஜெயித்தார் என்று தானே சொல்லிவிடும் ஆப் வேண்டாம். சாதாரணச் சீட்டுக்கட்டைத் தரையில் பரப்பி, ஐந்தைக் கையால் நகர்த்திப் பாருங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

பிற்சேர்க்கை: பாதியாகப் பிரிக்கும்போது ஒரு சிப் (பந்தய வில்லை) மிஞ்சினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். பங்கு பெறுபவர்களில் டீலர் பட்டனுக்கு (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) இடப்பக்கம் முதலில் இருப்பவருக்குக் கொடுப்பதே வழக்கம். வீட்டு ஆட்டமென்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.