வீட்டுக்கு வந்து கவனிக்கிறார்களா? பெரியவருக்கு அவருடைய உரிமைகளைப் புரியவைக்கும் வழி

குளிப்பாட்ட, மருந்து எடுத்துக் கொடுக்க, வீட்டைத் துடைக்க என்று வீடு தேடி ஆள் வருகிறார்கள். உதவி பெறும் பெரியவரோ, "வந்து செய்கிறார்களே, அதுவே பெரிசு" என்று எதையும் கேட்பதில்லை. தயவாக நினைக்கும் ஒன்றைப் பற்றி யார்தான் கேள்வி கேட்பார்கள்? அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதுதான் உங்கள் வேலை.

படி 1: முதலில் நீங்கள் படியுங்கள்

ஐ.நா. பொதுச்சபை 1991-ல் முதியோருக்கான 18 கோட்பாடுகளை ஏற்றது. முடிந்தவரை சொந்த வீட்டிலேயே வாழ வழி இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இது சட்டம் அல்ல, வழிகாட்டிதான். அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும், சேவை தரும் நிறுவனம் கொடுத்த உரிமைப் பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள்.

படி 2: 'உரிமை' என்று ஆரம்பிக்காதீர்கள்

அந்தச் சொல்லைக் கேட்டதுமே பலர், "எனக்கு எதுக்கு வம்பு" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். தினசரி விஷயத்திலிருந்து தொடங்குங்கள். "எத்தனை மணிக்குக் குளிக்கப் பிடிக்கும்? குளிப்பாட்ட ஆண் வந்தால் பரவாயில்லையா, பெண்தான் வேண்டுமா? கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறார்களா?" பதில் வந்த பிறகு, "இதை நீங்கள் கேட்டு வாங்கலாம்" என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவர் வாயைத் திறக்கும் முன் நாமே பதில் சொல்லிவிடும் பழக்கம் பிள்ளைகளான நமக்கு நிறையவே உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

படி 3: தாளைச் சேர்ந்து பாருங்கள்

நிறுவனம் செய்யப்போகும் வேலைகளை எழுதிய தாள்தான் பராமரிப்புத் திட்டம். அதன் நகல் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். என்னென்ன வேலை, எந்த நாளில், எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, ஆள் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது, சேவையை நிறுத்துவது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

படி 4: 'வேண்டாம்' சொல்லிப் பழகட்டும்

"இன்று குளியல் வேண்டாம், முகம் மட்டும் துடைத்துவிடுங்கள்." இந்த ஒரு வாக்கியத்தை உங்களிடமே இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மறதி நோய் உள்ளவருக்கும் இது பொருந்தும். வங்கிக் கணக்கைப் பார்க்க முடியாதவர்கூட எந்தச் சட்டை போடுவது என்று சொல்ல முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும் (2006) அவரவர் முடிவெடுக்கத் தேவையான துணையைக் கொடுங்கள் என்றே சொல்கிறது.

படி 5: குறை சொல்வது

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். "சொன்னால் நாளைக்கு வராமல் போய்விட்டால்? வந்து முகத்தைக் காட்டினால்?" இந்தப் பயத்தை "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தள்ளாதீர்கள், தனியாக இருப்பவருக்கு அது நியாயமான பயம். என்ன நடந்தால் அவருக்குக் கஷ்டம் என்று முழுதாகக் கேளுங்கள். ஒருவேளை ஆள் வராவிட்டால் அந்த நாளைச் சமாளிக்க மாற்று ஏற்பாடு செய்துவிட்டுப் புகாரைத் தொடங்குங்கள்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், நடந்தது மூன்றையும் எழுதிவையுங்கள். "சரியாகக் கவனிப்பதில்லை" என்று எழுதினால் பயனில்லை. "காலை 8 மணிக்கு வர வேண்டியவர் 10 மணிக்கு வந்தார், மருந்து தாமதமானது" என்று எழுதினால் மேற்பார்வையாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சின்ன விஷயமென்றால் வருபவரிடமே பேசலாம். தீராவிட்டால் மேற்பார்வையாளர், அதற்கும் மேலே வெளியில் உள்ள முறையீட்டு அமைப்பு.

அடிப்பது, பூட்டி வைப்பது, பணத்தை எடுப்பது போன்றவற்றுக்கு இந்த வரிசை கிடையாது. அவரைப் பாதுகாப்பாக வைத்துவிட்டு உடனே காவல்துறையைக் கூப்பிடுங்கள். சில சமயம் தொல்லை கொடுப்பவர் குடும்பத்து ஆளாகவே இருப்பார். அதனால் வீட்டுக்கு வெளியே அவர் நம்பிப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

படி 6: திரும்பப் பாருங்கள்

மருத்துவமனையிலிருந்து திரும்பினாலோ, விழுந்து எழுந்தாலோ பழைய திட்டம் பொருந்தாது. புதிதாக மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். அந்த மதிப்பீட்டுக்காகப் பேசும்போது பெரியவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.