படப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உபுண்டு பழகுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் உபுண்டு, அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸ் இயங்குதளம். காசு வேண்டாம், லைசென்ஸ் கீ வேண்டாம். கற்றுக்கொள்ள ஸ்கிரீன்ஷாட் நிறைந்த புத்தகம் ஒன்று போதும். வீடியோ நம்மை விட்டுவிட்டு ஓடும். புத்தகம், நாம் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அதே பக்கத்தில் காத்திருக்கும்.

படி 1: புத்தகத்தின் வயதைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகம். அதன் படங்களில் விண்டோவை மூடும் பொத்தான் இடது மூலையில் இருந்தது. என் திரையிலோ வலது மூலையில். ஏதோ தப்பாக இன்ஸ்டால் செய்துவிட்டேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். மறுபடியும் வலது மூலைதான்!

தப்பு என்னுடையதும் இல்லை, புத்தகத்தினுடையதும் இல்லை. அது யூனிட்டி என்ற திரையமைப்பு இருந்த காலத்துப் புத்தகம். 17.10 பதிப்பில் உபுண்டு க்னோம் என்ற வேறு திரையமைப்புக்கு மாறியபோது பொத்தான்கள் வலப்பக்கம் வந்துவிட்டன. பதிப்பு எண்ணைப் படிப்பது சுலபம்: 24.04 என்றால் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வருவது எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு) பதிப்பு. அதற்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். ஆகவே எல்.டி.எஸ். பதிப்பையே எடுங்கள், அதே எண் போட்ட புத்தகத்தையே தேடுங்கள்.

பழைய புத்தகம்தான் கிடைத்தது என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஃபோல்டர், அனுமதிகள், டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோ) பற்றிய அத்தியாயங்கள் இன்றும் உதவும். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று அம்புக்குறி போட்ட பக்கங்களை மட்டும் நம்பாதீர்கள்.

படி 2: பென் டிரைவ் தயார் செய்யுங்கள்

24.04-ஐ டவுன்லோடு செய்தால் 6 ஜிபி அளவுக்கு வரும், எனவே 8 ஜிபி பென் டிரைவாவது வேண்டும். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற புரோகிராம் மூலம் டவுன்லோடு செய்த ஃபைலைப் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாண ஃபோட்டோ இருந்தால் முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்தவுடன் எஃப்12-ஐத் தட்டுங்கள் (சில கம்பெனி லேப்டாப்புகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்). வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மொழி, கீபோர்டு பற்றிய கேள்விகளுக்கு அப்புறம் 'ட்ரை உபுண்டு' என்று ஒரு வாய்ப்பு வரும். அதுதான் உங்களுக்கு. வைஃபை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று இங்கேயே பார்த்துவிடலாம். ஷட்டவுன் செய்தால் இதில் சேமித்தது எதுவும் மிஞ்சாது. அந்தத் தைரியத்தில்தான் முதல் வாரம் முழுக்க எதை வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்கலாம். ஒன்றைத் தவிர: டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகான். அதில் 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்தால் விண்டோஸும் உங்கள் ஃபைல்களும் போய்விடும். பேக்கப் எடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

படி 4: ஒரு படம், ஒரு கிளிக்

புத்தகத்தைப் படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். கீபோர்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒரு படத்தைப் பார்த்ததும் அதைத் திரையில் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 'சூப்பர் கீயை அழுத்தவும்' என்று வரும். கீபோர்டில் அப்படி எந்த எழுத்தும் இருக்காது. விண்டோஸ் சின்னம் போட்ட கீதான் அது. அதை அழுத்தி, வேண்டிய புரோகிராமின் பெயரைத் தட்டினால் வந்துவிடும். படத்தில் இருக்கும் இடம் மாறியிருந்தாலும் பெயர் பெரும்பாலும் மாறியிருக்காது, ஆகவே பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சி டிரைவ், டி டிரைவ் இங்கே கிடையாது. உங்கள் சொந்த ஃபைல்களுக்கு ஹோம் ஃபோல்டர். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சின்ன எழுத்தில் தொடங்கும் பெயரும் இங்கே இரண்டு வேறு ஃபைல்கள்.

படி 5: டெர்மினல்

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். இன்ஸ்டால் செய்த கணினியில் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டு என்று பொருள்) என்று தொடங்கும் கட்டளையைக் கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். 24.04-இல் அதைத் தட்டினால் நட்சத்திரக் குறிகூட வராது, கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து நான் யுஎஸ்பி வயரைப் பிடுங்கிச் செருகியிருக்கிறேன். கவலைப்படாமல் தட்டி எண்டரை அழுத்துங்கள். அதேபோல இங்கே கன்ட்ரோல்+சி காப்பி செய்யாது, ஓடும் கட்டளையை நிறுத்திவிடும். காப்பிக்குக் கன்ட்ரோலுடன் ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும்.

படி 6: தமிழ் தட்டச்சு

இது பல புத்தகங்களில் இருக்காது, ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் இன்புட் சோர்சஸ், கூட்டல் குறி, அங்கே தமிழைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99 பழகியவர்களுக்கு அதுவும் உண்டு. அப்புறம் சூப்பர் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். இந்தப் பதிவை அப்படித்தான் அடித்தேன்.