அல்வா ஆர்டர் தொலையாமல் இருக்க: எந்த மெசேஜ் புரோக்கர்?

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அல்வாக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பில், பேக்கிங், கூரியர் மூன்றும் தனித்தனி நிரல்கள். தீபாவளி வாரத்தில் பேக்கிங் நிரல் நின்றுபோனது; அதன் கையிலிருந்த ஆர்டர்களும் அதோடு போயின. "ஏ தம்பி, சீட்டு எங்கடே போச்சு?" என்று அண்ணாச்சி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நிரல்களுக்கு நடுவே நின்று செய்திகளை வாங்கி, உரிய நிரலிடம் சேர்க்கும் மென்பொருள்தான் மெசேஜ் புரோக்கர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்றுதான், எதைத் தேர்ந்தெடுப்பது என்று இதை எழுதுகிறேன்.

படி 1: படித்த பிறகு செய்தி என்ன ஆக வேண்டும்?

வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். அண்ணாச்சி கடையைப் பாருங்கள். "அடுத்த தட்டு வருது!" என்று உள்ளேயிருந்து குரல் வரும், அங்கே நின்றவருக்குக் கேட்கும், நிற்காதவருக்கு இல்லை. ஆர்டர் சீட்டு கம்பியில் குத்தியிருக்கும். ஒருவர் எடுத்துக் கட்டி முடித்ததும் கிழித்துப் போடுவார். பேரேடு அப்படியல்ல. யார் படித்தாலும் வரி அழியாது, கணக்குப் பிள்ளையும் முதலாளியும் அவரவர் விட்ட இடத்திலிருந்து படிப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் ஏற்ற புரோக்கர்கள் உண்டு. குரல் என்றால் நேட்ஸ் (NATS). (சேமிப்பு வேண்டுமானால் அதிலேயே ஜெட்ஸ்ட்ரீம் உண்டு.) சீட்டு என்றால் ரேபிட்எம்க்யூ (RabbitMQ). பேரேடு என்றால் லிங்க்ட்இனில் பிறந்து 2011-இல் திறந்த மூலமான காஃப்கா. காஃப்கா செய்திகளை இயல்பாக 7 நாள் வைத்திருக்கும். ஆனால் செய்திகள் வந்த வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் (பேரேட்டின் ஒரு பகுதிக்குள்) மட்டுமே காக்கப்படும். ஆர்டரை ஒவ்வொன்றாகக் கட்டி அனுப்பும் கடைக்கு ரேபிட்எம்க்யூ போதும். காஃப்கா பெரிய பெயர் என்பதற்காக அதை இழுத்து வராதீர்கள்.

படி 2: உரிமம்

ரேபிட்எம்க்யூ மொசில்லா 2.0 உரிமம், மற்ற இரண்டும் அப்பாச்சி 2.0. சிலர் புரோக்கராகவும் பயன்படுத்தும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024-இல் திறந்த மூல உரிமத்தை விட்டதும், அதிலிருந்து வால்கீ என்ற கிளை பிறந்தது. 2025-இல் ரெடிஸ் 8 ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. அதனால் ரெடிஸ் என்றால் எந்தப் பதிப்பை இறக்குகிறீர்கள் என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: நிறுவுதல்

டாக்கரில் (மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ரேபிட்எம்க்யூவின் 'மேனேஜ்மென்ட்' இமேஜை, அதாவது பிரவுசர் பக்கத்தோடு வரும் தயார்ப் பொதியை, இறக்கி, 5672, 15672 போர்ட்களைத் திறங்கள். முதலாவது நிரல்களுக்கு, இரண்டாவது பிரவுசரில் பார்க்க. கன்டெய்னருக்கு ஹோஸ்ட்நேம் கொடுக்க மறக்க வேண்டாம். புரோக்கரின் நோட் பெயர் அதிலிருந்துதான் வருகிறது, தரவு அந்தப் பெயரில்தான் சேமிக்கப்படுகிறது. அதோடு, கன்டெய்னர் அழிந்தாலும் தரவு நிற்க, டேட்டா வால்யூம் (வெளிச் சேமிப்பிடம்) ஒன்றையும் இணையுங்கள்.

படி 4: நீங்களே கெடுத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, நான் அன்று செய்யாமல் விட்டதும் இதுவே. 'அக்' என்றால் வேலை முடிந்தது என்று நிரல் புரோக்கருக்கு அனுப்பும் ஒப்புகை. 'ஆட்டோ அக்' முறையில் செய்தியை அனுப்பிய கணமே புரோக்கர் அதை முடிந்ததாக எண்ணி மறந்துவிடும். அதை அணைத்து, பொட்டலம் கட்டிய பிறகே 'அக்' அனுப்பும்படி எழுதுங்கள். பிரிஃபெட்ச் (ஒப்புகை வராமல் ஒரு நிரலுக்குக் கொடுக்கும் செய்திகளின் எண்ணிக்கை) 1 என வையுங்கள். 100 செய்திகள் அனுப்பி, பாதியில் பேக்கிங் நிரலைக் கொல்லுங்கள். பிரவுசரில் 'அன்அக்டு' (ஒப்புகை வராதவை) எண்ணிக்கை குறைந்து 'ரெடி' (காத்திருப்பவை) கூட வேண்டும்: சீட்டு கம்பிக்குத் திரும்பிவிட்டது.

அடுத்து புரோக்கரையே மறுதொடக்கம் செய்யுங்கள். க்யூ (செய்திகள் காத்திருக்கும் வரிசை) டியூரபிளாகவும் (மறுதொடக்கத்தைத் தாங்குவது) செய்தி பெர்சிஸ்டென்ட்டாகவும் (வட்டில் எழுதப்படுவது), இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் செய்திகள் மிஞ்சும்.

படி 5: இரட்டைப் பொட்டலம்

திரும்பி வந்த சீட்டை ஏற்கெனவே கட்டி முடித்து, 'அக்' அனுப்பும் முன் நிரல் நின்றிருக்கலாம். அதனால் கட்டி முடித்த ஒவ்வொரு ஆர்டர் எண்ணையும் டேட்டாபேஸில் யுனிக்காக (ஒரே எண் இருமுறை வராதபடி) வைத்து, இருக்கும் எண் மறுபடி வந்தால் கட்டாமல் 'அக்' மட்டும் அனுப்புங்கள்.