விடுதிப் பிள்ளைக்கு காணொளி டாக்டர்: முதல் முறை செய்பவர்களுக்கு

தோட்டத்தில் இருந்தவரை காய்ச்சல் என்றால் டிரசரிடம் (தோட்ட மருந்தகத்தின் மருத்துவ உதவியாளர்) நடந்து போனால் போதும். இப்போது நான் மலேசியாவின் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில், மகள் கெடா மாநிலத்தில் சிந்தோக் பல்கலைக்கழக விடுதியில். இரவு பதினொரு மணிக்கு “அம்மா, உடம்பு சூடா இருக்கு” என்று வாட்ஸ்அப் வரும்.

காணொளி அழைப்பில் டாக்டரிடம் காட்டுவதற்கான ஏற்பாட்டை, பிள்ளை விடுதிக்குப் பெட்டி கட்டும்போதே தொடங்குங்கள். டாக்டர்ஆன்கால், டாக்டர் எனிவேர் மாதிரி ஒரு செயலியைப் பிள்ளையின் கைப்பேசியில் இறக்கி, அவள் பெயரில், அவள் ஐசி (அடையாள அட்டை) எண்ணில் பதியுங்கள். என் பெயரில் பதிந்து நான் அசடு வழிந்திருக்கிறேன். டாக்டர் கேட்டது என் வயதை!

அடுத்து ஒரு தாள். ஒவ்வாத மருந்து, பழைய நோய், தினமும் சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எழுதிப் படம் எடுத்து வையுங்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறப்பிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் அதுதான் முதல் வரி. சில மருந்துகள் அந்தக் குறைபாடு உள்ளவர்களின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். என் மகளுக்குப் பெனிசிலின் ஆகாது. அவளுக்குத் தெரிந்ததோ, “சின்ன வயசில் ஏதோ மருந்தில் தடிச்சுதாம்” என்பது மட்டும்தான். கூடவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். ‘சூடா இருக்கு’ என்பதைவிட 38.6 என்பது டாக்டருக்கு உதவும்.

அழைக்கும்போது வெளிச்சம் முகத்தில் விழட்டும். தொண்டை வலி என்றால் டார்ச் அடித்து வாயைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எப்போது தொடங்கியது, எந்த மருந்தை எத்தனை மணிக்குப் போட்டாள் என்பதை அவளே சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். கடைசியில் மருந்தின் பெயரையும் அளவையும் டாக்டரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். கட்டணத்தை முன்பே பாருங்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டுமென்றால், காணொளி எம்சி செல்லுமா என்று பல்கலைக்கழகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் திரை போதாது. டெங்கியாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான். அதுவரை பாரசிட்டமோல் மட்டும். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும், வேண்டவே வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் “சரியாப் போச்சு” என்று நினைக்காதீர்கள், டெங்கி முற்றுவது பெரும்பாலும் அப்போதுதான். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் நேராக மருத்துவமனை. நடக்க முடியாவிட்டால் 999.

அறைத்தோழியின் எண்ணையும் வாங்கி வையுங்கள். ஒருமுறை காய்ச்சலின்போது மகள் போனை எடுக்கவே இல்லை, “ஆன்ட்டி, தூங்குறா, 37.4” என்று அந்தப் பெண்தான் பதில் போட்டாள்.